கணினி தொடங்காதபோது பேசும் விளக்குகள்: காட்டி விளக்குகளின் வரலாறு

மேசைக் கணினியின் முகப்பிலும், பெட்டியின் உள்ளே தாய்ப்பலகையிலும் எரியும் சிறு விளக்குகள் காட்டி விளக்குகள் எனப்படும். பேச்சு வழக்கில் இவற்றை இண்டிகேட்டர் என்கிறோம். மின்சாரம் வந்து சேர்ந்ததா, செயலி விழித்ததா, நினைவகம் கிடைத்ததா, வன்தட்டு சுழல்கிறதா என்பதை இவை தெரிவிக்கின்றன. திரையில் முதல் எழுத்து தோன்றுவதற்கு முன்பே பழுது ஏற்பட்டுவிட்டால், கணினியிடம் எஞ்சியிருக்கும் மொழி இந்த விளக்குகளும் பீப் ஒலியும் மட்டுமே. அம்மொழி எப்படித் தோன்றியது, நடுவில் எப்படிச் சுருங்கியது, இப்போது எப்படித் திரும்பி வந்துள்ளது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரப் பள்ளிகளிலும் கடைகளிலும் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இவ்வரலாறு எவ்வகையில் உதவும் என்பதும் இறுதியில் விளக்கப்படுகிறது.

கிணற்றுமேட்டு மூன்று விளக்குகள்

விளக்கைப் பார்த்து எந்திரத்தின் நிலையை அறிவது திருச்சுழி வட்டார மக்களுக்குப் புதிதன்று. குண்டாற்றங்கரையில் பம்புசெட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது அன்றாட வேலை. மோட்டார் அறையின் பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று சிறு விளக்குகள் இருக்கும். மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று. மூன்றும் எரிந்தால்தான் மோட்டாரைப் போடலாம். ஒன்று அணைந்திருக்கும்போது போட்டால் மோட்டார் உறுமும், சூடேறும், கடைசியில் சுருள் கருகிவிடும். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள்கூட இருட்டில் தொலைவிலிருந்தே விளக்குகளைப் பார்த்து, "ரெண்டு லைட்டுதான் எரியுது, போடாதே" என்று சொல்லிவிடுவார்கள்.

மின்பணியாளர் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டரும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் கைப்பிடிக்குள் இருப்பது சிறிய நியான் விளக்கு. மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே ஒளிரும் இவ்வகைச் சிறு நியான் விளக்கை 1917இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் மக்ஃபார்லன் மூர் உருவாக்கினார். கணினியின் முதல் காட்டி விளக்குகளும் இந்த நியான் குடும்பத்திலிருந்தே வந்தன.

நியான் விளக்குகளின் காலம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் கணினி 1946 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. எண்களைச் சேமிக்கும் பகுதிகளின் முகப்பில் நியான் விளக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. எந்த இலக்கத்தில் எந்த எண் நிற்கிறது என்பதை அவை காட்டின. செய்தியாளர்களின் கண்ணுக்கு அவை தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக, மேசைப்பந்தாட்டப் பந்துகளைப் பாதியாக வெட்டி, எண் எழுதி, விளக்குகளின் மேல் கவிழ்த்தார்கள். அதன்பின் திரைப்படங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் கணினி என்றாலே மின்னும் விளக்குகள் என்றாகிவிட்டது.

ஆனால் அந்த விளக்குகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. வெற்றிடக் குழல்கள் அடிக்கடி செயலிழக்கும். ஆயிரக்கணக்கான குழல்களில் எது போயிற்று என்று தேடுவதே பெரிய வேலை. விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, கணினியைப் படிப்படியாக ஓடவிட்டு, எந்த விளக்கு தவறாக நிற்கிறது என்று பார்த்தால் தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும். பழுதறியும் கலையின் அடிப்படை விதி அன்றே உருவாகிவிட்டது. எதுவரை சரியாக வந்தது என்று கண்டுபிடித்தால், எங்கே நின்றது என்பது தானாகத் தெரியும்.

இந்தியாவில் 1950களின் நடுவில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணினி நிறுவப்பட்டது. 1960இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட டிஃப்ராக் இயங்கத் தொடங்கியது. இரண்டும் வெற்றிடக் குழல் கணினிகள். தமிழ்நாட்டில் 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 370/155 கணினி வந்தது. அக்காலப் பெருங்கணினிகளின் முகப்பில் விளக்குகள் வரிசை வரிசையாக இருந்தன. கணினி திடீரென நின்றுவிட்டால், நின்ற கணத்தில் எந்தெந்த விளக்குகள் எரிந்தன என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது இயக்குநரின் கடமைகளில் ஒன்றாக இருந்தது.

ஒளி உமிழ் டையோடின் வருகை

இன்று கணினியில் எரிவது நியான் அன்று, எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடு. சில படிகங்களில் மின்சாரம் பாயும்போது மங்கலான ஒளி தோன்றுவதை 1907இல் இங்கிலாந்தின் ஹென்றி ரவுண்ட் கண்டார். 1920களில் ருசியாவின் ஒலெக் லோசெவ் இதை விரிவாக ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளி தரும் டையோடை 1962இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். நியான் விளக்கு எரியப் பல பத்து வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். சூடேறுவதில்லை, எளிதில் பழுதாவதும் இல்லை. ஆகவே சிறு கணினிகளுக்கு இது மிகவும் பொருந்தியது.

அக்காலக் கருவிகளின் விளக்குகள் சிவப்பாகவும், பின்னர் மஞ்சள், பச்சையாகவும் மட்டும் இருந்ததற்குக் காரணம் உண்டு. பளிச்சென்ற நீல எல்.இ.டி. செய்வது பல ஆண்டுகள் கைகூடாமல் இருந்தது. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா அதைச் செய்து காட்டினார். இந்த நீல ஒளிக்காக அவரும் இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ ஆகியோரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். கணினிப் பெட்டியின் பச்சை விளக்குகள் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறியது இதற்குப் பிறகுதான்.

எல்.இ.டி. ஒரு டையோடு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால்தான் அது எரியும். இணைப்பை மாற்றிச் செருகினால் எரியாது. இச்சிறு செய்தி எவ்வளவு செலவு வைக்கும் என்பது பின்னர் கூறப்படும்.

முகப்புப் பலகை மறைந்தது

1975 சனவரியில் அமெரிக்க இதழ் ஒன்றின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800, வீட்டில் கோத்துக்கொள்ளக்கூடிய கணினியாகப் புகழ்பெற்றது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பில் பொத்தான்களும் 36 சிவப்பு எல்.இ.டி.களும் மட்டுமே இருந்தன. நினைவக முகவரிக்கு 16, தரவுக்கு 8, மற்றவை நிலை காட்ட. நிரலை ஒவ்வொரு இருமமாகப் பொத்தானால் இட்டு, விடையை விளக்கில் படிக்கவேண்டும். அங்கே விளக்கே திரை.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977இல் வந்த ஆப்பிள்-2 போன்ற கணினிகளில் விசைப்பலகையும் திரை இணைப்பும் வந்துவிட்டன. விளக்கு வரிசை நீங்கியது. பயன்படுத்துவோருக்கு இது பெரும் நன்மை. இருமக் கணக்குத் தெரியாதவரும் கணினியில் உட்காரலாம். ஆனால் ஓர் இழப்பும் உண்டு. திரை வேலை செய்யும்வரை எல்லாவற்றையும் திரை சொல்லும். திரைக்கே உயிர் வராதபோது சொல்வதற்கு யாரும் இல்லை.

ஐ.பி.எம். பி.சி.யும் தன்சோதனையும்

இக்குறையை நிரப்பிய முக்கிய ஏற்பாடு 1981 ஆகஸ்டு 12 அன்று வெளியான ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது. மின்சாரம் வந்ததும் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். இந்தத் தொடக்கத் தன்சோதனை 'போஸ்ட்' எனப்படும். அதற்கான நிரல், அழியாத நினைவகச் சில்லில் 'பயாஸ்' என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

வரிசை இப்படி அமையும். முதலில் மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் நிலைபெறும்வரை காத்திருக்கும். நிலைபெற்றதும் "மின்சாரம் சரி" என்ற குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்பும். அதுவரை செயலி நகரவிடாமல் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். குறிப்பு வந்தபின் செயலி பயாஸின் முதல் கட்டளையைப் படிக்கும். பின்னர் நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை, தட்டு இயக்கிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடும். எல்லாம் சரியென்றால் ஒரு சிறு பீப் ஒலி எழும். திரை அட்டையில் குறை என்றால் ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் எழும். திரை வேலை செய்தால் எண் தோன்றும்: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்தட்டு.

1984இல் வந்த பி.சி. ஏ.டி. கணினியின் முகப்பில் பூட்டோடு மின்விளக்கும் வன்தட்டு விளக்கும் சேர்ந்து அமைந்தன. இன்றுவரை பெரும்பாலான கணினிப் பெட்டிகளில் இருக்கும் இரு விளக்கு மரபு இவ்வாறு நிலைபெற்றது. அதே கணினியின் பயாஸ் இன்னொன்றும் செய்தது. தன்சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணை 80 என்னும் வாயிலுக்கு அனுப்பியது. அந்த வாயிலைப் படிக்கும் ஒரு சோதனை அட்டையைச் செருகினால் பதினாறு நிலை எண்முறையில் இரண்டு இலக்கங்கள் எரியும். கணினி எந்தப் படியில் நின்றதோ அந்த எண்ணிலேயே விளக்கும் நிற்கும். தொழிற்சாலைச் சோதனைக்கு வைத்த இவ்வசதியைப் பழுதுபார்ப்போர் தம் கருவியாக்கிக்கொண்டனர். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இவ்வட்டை குறைந்த விலைக்கே கிடைக்கலானது.

பீப் ஒலியின் கிளைமொழிகள்

ஐ.பி.எம். கணினியைப் போலவே இயங்கும் கணினிகளைப் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, பயாஸ் எழுதித் தரும் நிறுவனங்களும் தோன்றின. ஃபீனிக்ஸ், அவார்டு, ஏ.எம்.ஐ. ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் ஏ.எம்.ஐ. எனப்படும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், 1985இல் இந்திய வம்சாவளியினரான சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா ஆகியோரால் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதன் மென்பொருள் மையம் உள்ளது.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பீப் மொழியை வைத்துக்கொண்டது. ஏ.எம்.ஐ. முறையில் ஒன்று முதல் மூன்று வரையிலான ஒலிகள் நினைவகத்தைக் குறிக்கும். ஐந்து ஒலி செயலியையும் எட்டு ஒலி திரை நினைவகத்தையும் குறிக்கும். அவார்டு முறையில் நெடிய ஒலி திரும்பத் திரும்ப வந்தால் நினைவகம். ஒரு நெடிலும் இரு குறிலும் வந்தால் திரை அட்டை. ஃபீனிக்ஸ் முறையில் ஒலிகள் தொகுதி தொகுதியாக, இடைவெளி விட்டு வரும். தமிழாசிரியர் மாணவருக்கு அசை பிரிக்கக் கற்றுத்தருவதுபோல, இதில் நெடிலையும் குறிலையும் பிரித்து எண்ணவேண்டும். தாய்ப்பலகையோடு வரும் சிறு கையேட்டில் இப்பட்டியல் இருக்கும். அக்கையேட்டைப் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடுவதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இந்தியப் பள்ளிகளில் விளக்கும் ஒலியும்

இந்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிரிட்டனின் ஏகான் நிறுவனம் தயாரித்த பி.பி.சி. மைக்ரோ கணினி. விசைப்பலகையும் கணினியும் ஒன்றாக அமைந்த பெட்டி அது. நாடாப்பதிவு இயக்கத்துக்கு ஒன்று, எழுத்துப் பூட்டுகளுக்கு இரண்டு என அதில் மூன்று சிவப்பு விளக்குகள் இருந்தன. மின்சாரம் கொடுத்ததும் தாழ்ந்த ஒலி ஒன்றும், உடனே உயர்ந்த ஒலி ஒன்றும் கேட்கும். ஒலிச்சில்லு விழித்தவுடன் எழுவது முதல் ஒலி. இயக்க நிரல் பொறுப்பேற்று அதை அடக்கி எழுப்புவது இரண்டாவது. தாழ்ந்த ஒலி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், மின்சாரம் வந்துவிட்டது, நிரல் ஓடவில்லை என்று பொருள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மேசைக் கணினிகள் பரவலாக வந்தது இதற்கு வெகுகாலம் கழித்தே. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் பாடமானது. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பின்னர் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பாடநூல்கள் பயாஸ், நினைவகம் ஆகியவற்றை விளக்கின. ஆனால் தொடங்காத கணினியின் முன் நின்று முதலில் எதைப் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் அனுபவமே கற்றுத்தந்தது.

அணைத்தபின்னும் எரியும் விளக்கு

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பை அறிவித்தது. அதற்கு முன் முகப்புப் பொத்தான் நேரடியாக மின்சாரத்தை வெட்டும். ஏ.டி.எக்ஸ். முறையில் பொத்தான் வெறும் கோரிக்கை மட்டுமே. சுவர் இணைப்பு இருக்கும்வரை, எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கும் மின்வழங்கி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் தாய்ப்பலகை அதை உணர்ந்து, "முழு மின்சாரம் தா" என்று பச்சைக் கம்பி வழியே கேட்கும்.

இதனால் பல தாய்ப்பலகைகளில் ஒரு சிறு விளக்கு, கணினி அணைந்திருக்கும்போதும் எரிகிறது. பழுதறிவதில் இவ்விளக்கு மிகவும் பயனுள்ளது. அது எரிந்தால் சுவர் இணைப்பு, கம்பி, மின்வழங்கியின் காத்திருப்புப் பகுதி ஆகிய மூன்றும் சரி. எரியாவிட்டால் தாய்ப்பலகையைக் குறைசொல்லும் முன் இம்மூன்றையும் பார்க்கவேண்டும். அவ்விளக்கு எரிகையில் நினைவகத்தைக் கழற்றக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதுவே.

விளக்குகள் திரும்பி வந்தன

2000களில் பல கணினிகளில் உள் ஒலிபெருக்கி கைவிடப்பட்டது. பீப் மொழி ஒலியிழந்தது. அவ்விடத்தை மீண்டும் விளக்குகள் நிரப்பின. அலுவலகங்களில் மிகுதியாகப் பயன்பட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளில் நான்கு சோதனை விளக்குகள் வைக்கப்பட்டன. எவை எரிகின்றன, எவை அணைந்துள்ளன என்ற சேர்க்கையைக் கையேட்டுடன் ஒப்பிட்டால் பழுதான பகுதி தெரியும். பின்னர் வந்த பல கணினிகளில், மின்பொத்தான் விளக்கே நிறம் மாறியும் எண்ணிக்கையாகக் கண்சிமிட்டியும் செய்தி சொல்கிறது.

ஏசஸ், எம்.எஸ்.ஐ. போன்ற நிறுவனங்களின் தாய்ப்பலகைகள் பலவற்றில் இப்போது செயலி, நினைவகம், திரை அட்டை, தொடக்கத் தட்டு என நான்கு பெயரிட்ட விளக்குகள் உள்ளன. கணினி தொடங்கும்போது அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் நிலைத்து நிற்கிறதோ அங்கே குறை. சிலவற்றில் இரண்டு இலக்கக் காட்டியும் உள்ளது. 1984இல் தனி அட்டையாகச் செருகிய எண், இன்று பலகையிலேயே அச்சாகிவிட்டது.

கரிசல் காட்டில் கணினி

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த கரிசல் நிலம். கோடை வெயிலும், காற்றில் பறக்கும் புழுதியும், சீமைக்கருவேலங்கரி மூட்டங்களின் தூளும் கணினிக்கு ஒத்துவருபவை அல்ல. இவ்வட்டாரத்தில் தொடக்கப் பழுதுகள் மிகுவதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, வெப்பம். மின்தேக்கிகளின் வாழ்நாள், வெப்பநிலை 10 செல்சியசு கூடும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. உலகம் முழுவதும் 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் தரங்குறைந்த மின்தேக்கிகள் பரவி, அவற்றின் தலை உப்பி வெடித்த நிகழ்வு 'மின்தேக்கிக் கொள்ளைநோய்' என்று பெயர்பெற்றது. அக்காலத் தாய்ப்பலகைகள் நம் ஊர் வெயிலில் மேலும் விரைவாக வீழ்ந்தன.

இரண்டாவது, கோடை விடுமுறை. ஏப்ரல் முடிவில் ஆய்வகத்தின் முதன்மை விசையை அணைத்துவிட்டுச் சூனில் திறக்கிறோம். காத்திருப்பு மின்சாரம் இல்லாததால் கடிகாரம் முழுவதும் 3 வோல்ட் பொத்தான் மின்கலத்தையே நம்பி ஓடும். பழைய மின்கலம் தீர்ந்துவிடும். பள்ளி திறக்கும் நாளில் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டி நிற்கும். இதைப் பெரும்பழுது என்று எண்ணி அஞ்சுவோர் பலர். சிறு மின்கலம் மாற்றினால் போதும்.

மூன்றாவது, மின்வெட்டும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போவதைவிட, திரும்பி வரும் கணமே மின்வழங்கிகளுக்கு ஆபத்தானது.

அந்த ஆண்டுகளில் ஒரு சூன் மாத நிகழ்வை இக்கட்டுரையாளர் இங்குப் பதிவுசெய்ய விரும்புகிறார். அப்போது அவர் பணியாற்றிய பள்ளியில் உதவித்தொகைக்குரிய மாணவர் பட்டியல் ஒரே ஒரு கணினியில் இருந்தது. அன்று மாலைக்குள் அனுப்பவேண்டும். பெயர் விடுபட்டால் அவ்வாண்டு உதவித்தொகை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கணினியைப் போட்டால் பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. நெடிய பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டது. தொலைபேசியில் கேட்ட பழுதுபார்ப்பவர், "மதர்போர்டு போயிருக்கும் சார், மதுரைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

அருகில் நின்ற பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், பம்புசெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, மெல்லச் சொன்னான்: "சார், லைட்டு எரியுது, பேன் சுத்துது. கரண்டு உள்ள வந்துருச்சு. அதுக்கு அடுத்தாப்லதான் எங்கயோ நிக்குது."

அலமாரியில் தேடிக் கையேட்டை எடுத்தோம். தொடர் நெடில் ஒலி என்றால் நினைவகம் என்றிருந்தது. கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை மாணவனின் அழிப்பானால் தேய்த்துத் துடைத்து, மீண்டும் இறுக்கிச் செருகினோம். ஒரே ஒரு சிறு பீப் ஒலி. திரை விழித்தது. பட்டியல் ஐந்து மணிக்கு முன் சென்றது. விடுமுறை முழுவதும் ஏறிய புழுதியும் படிந்த மாசுமே குறை.

இக்கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முழு உண்மையாகாது. மறு ஆண்டு அதே ஆய்வகத்தில் இன்னொரு கணினியின் மின்விளக்கு எரியவில்லை; திரையும் வரவில்லை. சென்ற ஆண்டின் வெற்றி தந்த துணிவில், மின்வழங்கிதான் போயிற்று என்று இக்கட்டுரையாளர் முடிவுகட்டி, பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் புதிது வாங்கிப் பொருத்தினார். அப்போதும் விளக்கு எரியவில்லை. உண்மையில் கோடையில் தூசி துடைத்தபோது முகப்பு விளக்கின் இருமுனைச் செருகியைத் திருப்பிச் செருகியிருந்தார்கள். திரைக் கம்பியும் தளர்ந்திருந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. விசிறிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். எரியாத ஒரு விளக்கை மட்டும் நம்பக்கூடாது என்பது அன்று பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

விளக்கைப் படிக்கும் வரிசை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து எவரும் பின்பற்றத்தக்க வரிசை ஒன்று கிடைக்கிறது.

1. எந்த விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை: சுவர் இணைப்பு, யு.பி.எஸ்., மின்கம்பி, மின்வழங்கியின் பின்புற விசை ஆகியவற்றை முதலில் பார்க்கவும். அதே இணைப்பில் வேறொரு விளக்கைப் போட்டுச் சோதிக்கலாம்.

2. தாய்ப்பலகைக் காத்திருப்பு விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் அசைவில்லை: பொத்தானின் கம்பி தளர்ந்திருக்கலாம், அல்லது மின்வழங்கியின் முதன்மைப் பகுதியில் குறை இருக்கலாம்.

3. விளக்கும் விசிறியும் ஒரு கணம் வந்து உடனே நிற்கின்றன: எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது. வெளிக்கருவிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒருமுறை முயலவும்.

4. விளக்கும் விசிறியும் நிலைத்துள்ளன, திரை இல்லை: முதலில் திரையின் சொந்த விளக்கையும் கம்பியையும் பார்க்கவும். அடுத்து நினைவகம், பிறகு திரை அட்டை. பீப் ஒலி இருந்தால் எண்ணவும்.

5. விசைப்பலகையில் எண் பூட்டு விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறது, திரை மட்டும் இல்லை: கணினி உள்ளே இயங்குகிறது. குறை பெரும்பாலும் திரைப் பக்கமே.

6. எழுத்து வருகிறது, வன்தட்டு விளக்கு ஒருமுறைகூட மின்னவில்லை: தட்டின் கம்பிகளைப் பார்க்கவும். விளக்கு இடைவிடாமல் எரிந்து கணினி அசையாமல் நின்றால், தட்டு படிக்கமுடியாமல் திணறுகிறது. கோப்புகளைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

7. மின்விளக்கு நிறம் மாறிக் கண்சிமிட்டுகிறது: அணைத்துப் போடும் முன், எத்தனை முறை எந்த நிறத்தில் சிமிட்டியது என்று தாளில் எழுதிக்கொள்ளவும். பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம், மாதிரிக்கு மாதிரி மாறும்.

பட்டையையோ அட்டையையோ தொடும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து நீக்கவேண்டும். காத்திருப்பு விளக்கு அணையும்வரை பொறுத்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக் கையின் நிலைமின்னூட்டத்தை இறக்கவேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. 230 வோல்ட் இணைப்பை நீக்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இன்றைய நிலை

இ-சேவை மையம், பள்ளி ஆய்வகம், விசைத்தறிக் கூடத்தின் கணக்கறை எனக் கணினி இன்று கரிசல் சிற்றூர்களிலும் இன்றியமையாததாகிவிட்டது. சாதிச் சான்றிதழும் தேர்வு விண்ணப்பமும் அதன் வழியே நடக்கின்றன. ஒரு நாள் அது தொடங்காவிட்டால் அலைவது பெரும்பாலும் பேருந்துக் கட்டணத்தையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களே. எல்லாப் பழுதையும் விளக்கால் தீர்க்க முடியாது. ஆனால் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதைச் சொல்லத் தெரிந்தவரிடம் வேண்டாத உதிரிப்பாகத்தை எளிதில் விற்றுவிட முடியாது. எனியாக் பொறியாளர்கள் நியான் விளக்கில் செய்த வேலையும், குண்டாற்றங்கரை விவசாயி மூன்று விளக்கில் செய்யும் வேலையும் இதுவே. ஆய்வகம் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் தாய்ப்பலகைக் கையேட்டைப் பாதுகாத்து, விளக்குக் குறிப்புகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் அடுத்த சூன் மாதத்துக்கு அது உதவும்.